தந்தையின் தொட்டியும் மகனின் மண்ணும்: கடல்நீர்த் தொட்டி ‘சைக்கிள்’ ஆகும் வரலாறு

கடல்நீர் மீன்தொட்டி ஒன்றைப் புதிதாக அமைப்பவர், கண்ணாடியும் மணலும் கல்லும் உப்புநீரும் கூட்டி முடித்த அன்றே அதில் மீன் விடுவதில்லை. நான்கு வாரமோ ஆறு வாரமோ வெறும் நீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓர் இறால் துண்டையோ சில துளி அம்மோனியம் குளோரைடுக் கரைசலையோ இட்டு, நாள்தோறும் சோதனைக் குழாயில் நீரெடுத்து நிறம் பார்க்கிறார். முதலில் அம்மோனியா ஏறுகிறது. அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட்டு ஏறுகிறது. பின்னர் நைட்ரைட்டும் இறங்கி, நைட்ரேட்டு மட்டும் எஞ்சுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தைத் தொட்ட பிறகே முதல் மீனுக்கு இடம் உண்டு.

இந்தக் காத்திருப்புக்குத் தமிழில் நிலைபெற்ற தனிச்சொல் இல்லை. மீன் வளர்ப்போர் ‘டேங்க் சைக்கிள் ஆகிவிட்டதா?’ என்றே கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘நைட்ரஜன் சைக்கிள்’ என்று பெயர்ச்சொல்லாக இருந்தது ஆர்வலர் வழக்கில் வினையாயிற்று. தமிழுக்குள் வந்ததும் ‘ஆகு’, ‘பண்ணு’ ஆகியவற்றின் துணையோடு மறுபடியும் பெயராயிற்று. சொல்லின் பயணம் சுழற்சியாக இருக்கிறது. பொருளின் பயணம் அப்படி இல்லை. சுழற்சி என்றால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். தொட்டியில் நடப்பதோ பெரும்பாலும் ஒருவழிப் பயணம்: அம்மோனியா நைட்ரேட்டாகி அங்கேயே தங்குகிறது, அதை வாளியில் முகந்து வெளியே ஊற்றுவது மனிதக் கை. இந்தச் சிறு பொருத்தமின்மைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான தவறான விளக்கங்கள் உள்ளன. அவற்றுள் சில அழகானவை. அனைத்துக்கும் விலை கொடுத்தவை கடலுயிர்கள்.

கடலுயிரைக் கடலுக்கு வெளியே வைத்துப் பார்க்கும் முயற்சிக்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரு பெண்கள் வழிகாட்டினர். சிசிலியின் மெஸ்ஸினாவில் ஜான் வில்ப்ரூ-பவர் 1830களின் தொடக்கத்திலேயே கண்ணாடித் தொட்டிகளிலும் கடலுக்குள் இறக்கிய கூண்டுகளிலும் ஆர்கோனாட் என்னும் கணவாய் இனத்தை வளர்த்து, அதன் ஓட்டை அதுவே உண்டாக்குகிறது என்று நிறுவினார். இங்கிலாந்தில் ஆனா தின் 1846-இல் டார்க்கி கடற்கரையிலிருந்து கற்பவளங்களை ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீர் கெடாதிருக்க அவர் கண்ட வழி எளியது: பணிப்பெண் ஒருத்தி திறந்த சன்னலருகே நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நெடுநேரம் மாற்றி மாற்றி ஊற்றுவாள். டீக்கடைக்காரர் தேநீர் ஆற்றுவது போன்ற அந்த வேலை, இன்றைய காற்றுப் பம்பின் வேலை. அறிவியல் வரலாற்று நூல்கள் தின் சீமாட்டியை அண்மைக்காலமாகவாவது நினைவுகூர்கின்றன. அந்தக் கைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஆற்றி ஊற்றாமலே நீரைத் தூய்மையாக வைத்திருக்க முடியுமா என்ற கேள்வியை வேதியியலாளரான ராபர்ட் வாரிங்டன் எடுத்துக்கொண்டார். லண்டன் அப்போதிக்கரீஸ் ஹாலில் பணியாற்றிய அவர், 1849-இல் ஒரு நன்னீர்த் தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். செடி மீனுக்கு உயிர்வளி தரும். மீன் செடிக்குக் கரிவளி தரும் என்பது கணக்கு. சில நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகலைத் தின்னக் குளத்து நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. 1850-இல் லண்டன் வேதியியல் கழகத்தின் இதழில் இதை வெளியிட்டபோது, விலங்குலகுக்கும் தாவர உலகுக்கும் இடையே உள்ள சமநிலையைத் தொட்டிக்குள் கொண்டுவந்துவிட்டதாக அவர் நம்பினார். அடுத்த சில ஆண்டுகளில் கடல்நீருக்கும் அதே முறையை விரித்தார்.

இந்தச் சமநிலைக் கொள்கை விக்டோரியா கால மனத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. படைப்பில் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்காக என்ற சமய நம்பிக்கைக்கு அது கண்ணாடிக்குள் ஒரு சான்றாக அமைந்தது. ஆனால் வாரிங்டனின் கணக்கில் இரண்டே வளிகள்தாம் இருந்தன. மீன் வெளிவிடும் அம்மோனியா அதில் இடம்பெறவில்லை. நத்தை தின்றது அழுகிய இலையை மட்டுமே. நத்தையின் கழிவை யார் தின்றார்கள் என்ற கேள்வியை அப்போது எவரும் கேட்கவில்லை.

1853-இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லைப் பரப்பியது. இலத்தீனில் கால்நடைக்குத் தண்ணீர் காட்டும் இடத்தைக் குறித்த சொல் அது. ‘விவேரியம்’, ‘அக்வா-விவேரியம்’ என்று தடுமாறிக்கொண்டிருந்த வழக்கில் காஸ் இதைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தினார்.

காஸின் பணியில் வேறொன்றும் கவனத்துக்குரியது. கடலிலிருந்து தொலைவில் இருப்போருக்காக, சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றைக் கலந்து 1854 ஏப்ரலில் அவர் செயற்கைக் கடல்நீர் ஆக்கினார். அதில் பச்சைக் கடற்பாசி ஒட்டிய கற்களை இட்டார். உயிர்களை உடனே விடாமல் ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருந்தார். பாசியின் வித்துகள் நீரில் பரவட்டும் என்பது அவர் சொன்ன காரணம். கடலிலிருந்து வந்த அந்தக் கற்களின்மேல் பாசி மட்டும் இருக்கவில்லை என்பது இன்று தெரியும். செய்தது சரி, சொன்ன காரணம் போதாது. தொழில்நுட்ப வரலாற்றில் இது அரிய நிகழ்வன்று. விளக்கம் வருவதற்கு முன்பே செயல் வந்துவிடுவது பல துறைகளில் நடந்திருக்கிறது.

காஸுக்குக் கைகூடியது மற்றவர்களுக்குக் கைகூடவில்லை. கண்ணாடி வரி 1845-இல் நீக்கப்பட்டதால் தொட்டியின் விலை இறங்கியிருந்தது. ரயில் கடற்கரையை அருகில் கொண்டுவந்திருந்தது. 1850களின் நடுவில் நடுத்தர வர்க்க வீடுகளின் கூடங்களில் தொட்டிகள் முளைத்தன. கடற்சாமந்திகளும் நண்டுகளும் கூடை கூடையாகப் பாறைக்குட்டைகளிலிருந்து பெயர்க்கப்பட்டன. பல தொட்டிகள் சில நாளிலேயே நாறின. செத்ததை எறிந்துவிட்டு மறுபடி கடற்கரைக்குப் போனார்கள். அடுத்த பத்தாண்டில் மோகம் தணிந்தது. தந்தையின் நூல்கள் தூண்டிவிட்ட கூட்டம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைப் பாறைக்குட்டைகளை எப்படிச் சூறையாடியது என்பதைக் காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியான தம் நினைவுநூலில் வருத்தத்துடன் பதிவு செய்தார்.

நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டி ஏன் இவ்வளவு இரக்கமற்றதாக இருக்கிறது? நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. மின்னூட்டமற்ற அம்மோனியா செவுள் வழியே உட்புகுந்து கொல்கிறது. எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. பி.எச். 7-இல் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடல்நீரின் இயல்பான 8.2-இல் அது பத்து மடங்குக்கும் மேல் பெருகுகிறது. அதாவது, ஒரே அளவு கழிவு குளத்து மீனை வாட்டும் இடத்தில் கடல் மீனைக் கொன்றுவிடும். (நைட்ரைட்டின் கதை நேர்மாறானது. கடல்நீரில் மிகுந்துள்ள குளோரைடு, அது செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது.) இதைப் பார்க்கும் கண் விக்டோரியா ஆர்வலரிடம் இல்லை. அம்மோனியாவைக் காட்டும் வினைப்பொருளை யூலியுஸ் நெஸ்லர் 1856-இல்தான் அறிவித்தார். நைட்ரைட்டுக்கான சோதனையை மதுவடிப்பாலை ஒன்றின் வேதியியலாளரான பேட்டர் கிரீஸ் 1879-இல் தந்தார். இன்று ஆர்வலர் குழாயில் பார்க்கும் இளஞ்சிவப்பு அந்த மதுவடிப்பாலைக்காரரின் வழிவந்தது.

தோல்விகளுக்கு நடுவே ஒருவர் விடையைத் தொட்டுவிட்டார். ஆனால் அது எதற்கு விடை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. லண்டனில் தொட்டி வணிகம் செய்த வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட், 1864-இல் ஹாம்பர்க் காட்சிச்சாலையையும் 1871-இல் கிரிஸ்டல் பேலஸ் காட்சிச்சாலையையும் வடிவமைத்தார். பின்னர் நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் நிறுவிய ஆய்வு நிலையத்தின் தொட்டிகளுக்கும் அவருடைய பொறியியலே பயன்பட்டது. காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய, வெளிச்சம் புகாத நீர்த்தேக்கம் ஒன்றை அவர் அமைத்தார். நீர் ஓயாமல் மேலும் கீழும் சுழன்றது. நீரை மாற்றக் கூடாது. பழக்கிய நீரே நல்ல நீர் என்று பிடிவாதமாக வாதிட்டார். பாசி வளராமல் நீர் தெளிவாக இருக்கவும் குளிர்ந்திருக்கவுமே இருட்டு என்பது அவர் கருத்து. அந்த இருட்டில், ஈரமான கல்பரப்பெங்கும், வேறொரு குடி வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் குடியைக் கண்டவர்கள் மீன் வளர்ப்போர் அல்லர், சாக்கடையை ஆராய்ந்தவர்கள். 1877-இல் பாரிசில் தியோஃபில் ஷ்லோசிங்கும் ஆஷில் முன்ட்சும், சுட்டெடுத்த மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய் வழியே கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டனர். இருபது நாள் ஒன்றும் நிகழவில்லை. நுழைந்த அம்மோனியா அப்படியே வெளியேறியது. அதன்பின் நைட்ரேட்டு தலைகாட்டியது, நாளுக்கு நாள் பெருகியது, அம்மோனியா மறைந்தது. இது வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். ஐயத்தைத் தீர்க்கக் குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தினார்கள், நைட்ரேட்டு நின்றது. ஆவியை அகற்றியும் வினை மீளவில்லை. தோட்டமண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் மீண்டது. மயக்க மருந்துக்கு அடங்குவது உயிராகத்தான் இருக்க வேண்டும். இன்றைய ஆர்வலர் தம் தொட்டியில் காண்பது ஏறத்தாழ இதே சோதனைதான். காத்திருக்கும் நாட்களும் பெரிதாக மாறவில்லை.

இந்தச் செய்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும் அதைப் பற்றிக்கொண்டவர் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த வேதியியலாளர். பெயர் ராபர்ட் வாரிங்டன். தொட்டி வாரிங்டனின் மகன், 1838-இல் பிறந்தவர். தந்தையின் பொன்மீன் சோதனை நடந்தபோது அவருக்குப் பதினோரு வயது. வேதியியலின் முதற்பாடம் தந்தையின் ஆய்வுக்கூடத்தில்தான். மகன் ஆராய்ந்தது வயல்மண். பிரெஞ்சு முடிவுகளை 1878-இல் உறுதிசெய்ததோடு, ஒளி இந்த வினையைத் தடுக்கிறது, இருட்டில் அது சிறக்கிறது என்றும் காட்டினார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகிறது, பின்னரே நைட்ரேட்டாகிறது. இரண்டு படிகளுக்கும் இரு வேறு நுண்ணுயிர்கள் என்ற முடிவுக்கும் வந்தார். தந்தை விட்டுச்சென்ற கணக்கின் விடுபட்ட உறுப்பை மகன் மண்ணில் கண்டெடுத்தார். எனினும் தந்தை 1867-இலேயே மறைந்துவிட்டார். மீன்தொட்டிக் கைந்நூல்களோ அடுத்த பல பத்தாண்டுகளுக்குத் தந்தையின் பாதிக் கணக்கையே திரும்பத் திரும்ப அச்சிட்டன.

இங்கே இந்தியாவை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது முறையாகாது. ஐரோப்பிய ஆய்வுக்கூடம் ‘நைட்ரேட்டாக்கம்’ என்று பெயரிடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அந்த வினையின் விளைபொருள் பிகாரிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்தது. வெடிமருந்தின் முதன்மைப் பொருளான வெடியுப்பு அது. கால்நடைகளின் சிறுநீரும் சாணமும் அடுப்புச் சாம்பலும் ஊறிய கிராமத்து மண்ணில், மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும்போது வெண்ணிறமாகப் பூக்கும் உப்பை நோனியா சமூகத்தினர் சுரண்டியெடுத்தார்கள். நீரூற்றி வடித்து, காய்ச்சி, படிகமாக்கினார்கள். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பட்னாவில் கிடங்கு வைத்து அதை வாங்கினர். ‘லவணம்’ என்பது பிராகிருதத்தில் ‘லோண’ ஆகி, பிகார் வட்டார மொழிகளில் ‘நோன்’ ஆயிற்று. நோனியா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. எந்தச் சுவர், எந்தத் தொழுவம், எந்தப் பருவம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மண்ணை ஒருமுறை சுரண்டினால் மறுபடி விளையக் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அந்த அறிவு எங்கும் நூலாகவில்லை, சாதித்தொழிலாகவே நின்றது. ஐரோப்பியப் போர்க்களங்களின் புகைக்குப் பின்னால் இருந்த நுண்ணுயிர்களை வளர்த்தவர்கள் என்று அவர்களைச் சொல்வதில் மிகை இல்லை.

வாரிங்டனின் மகனால் அந்த இரு உயிர்களையும் தனித்துப் பிரிக்க முடியவில்லை. நுண்ணுயிர் வளர்க்கக் கோக் பள்ளியினர் கையாண்ட ஜெலட்டின் ஊடகம் அதற்கு உதவவில்லை. சூரிச்சில் இருந்த ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-இல் எதிர்த்திசையில் சிந்தித்தார். இவ்வுயிர்களுக்குக் கரிமச்சத்தே வேண்டாம். அம்மோனியாவை எரித்துப் பெறும் ஆற்றலைக் கொண்டு கரிவளியிலிருந்தே உடல் கட்டுகின்றன என்று கண்டு, கரிமமே இல்லாத ஊடகத்தில் வளர்த்துக் காட்டினார். ஒளி இல்லாமல், பச்சையம் இல்லாமல், கனிமத்தைத் தின்று வாழும் உயிர்! அவற்றின் சோம்பலுக்கும் காரணம் இதுதான். குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கிறது. அம்மோனியாவின் சொற்ப ஆற்றலில் பிழைக்கும் இவற்றுக்குப் பல மணி நேரமோ ஒரு நாளோ தேவை. நைட்ரைட்டு உண்பவை அதனினும் மெதுவானவை. முன்னவை உணவு சமைத்துத் தரும்வரை அவை காத்திருக்கவும் வேண்டும். ஆறு வாரக் காத்திருப்பின் கணக்கு முழுவதும் இதில் அடங்கும்.

இந்த அறிவு உடனே சென்றடைந்த இடம் சாக்கடைப் பொறியியல். அமெரிக்காவின் லாரன்ஸ் சோதனை நிலையத்தில் சரளைப் படுகைகள். பின்னர் 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் செய்த கழிவுச்சேற்று முறை. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, இந்திய நகரங்களின் கழிவு வீணாகாமல் வயலுக்குச் சேரும் வழிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

மீன்காட்சிச் சாலைகளுக்கு மட்டும் இந்த அறிவு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? கரையோரச் சாலைகளுக்கு அது தேவைப்படவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். 1909-இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்ட கடல்மீன் காட்சிச்சாலையானாலும், 1951-இல் பம்பாய் மரைன் டிரைவில் திறக்கப்பட்ட தாராபூர்வாலா காட்சிச்சாலையானாலும், வாசலிலேயே கடல் இருந்தது. நீர் கெட்டால் புதுநீர். கடலருகே இருப்பவருக்குக் கழிவின் வேதியியல் தேவையில்லை. கடல் அதைப் பார்த்துக்கொள்ளும். கடலிலிருந்து விலகிய ஊர்களில், விலைகொடுத்து வாங்கிய உப்பைக் கலக்கி வாழ்பவருக்கே அது வாழ்வா சாவா என்ற கேள்வி.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின்பு செயற்கை உப்பும் சரளைக்கடி வடிகட்டியும் பரவியபோதுதான் வீட்டுக் கடல்நீர்த் தொட்டி மீண்டும் உயிர்பெற்றது. ‘பழகிய’ தொட்டியில் மீன் சாவதில்லை என்பது அனுபவமாகத் தெரிந்தது. அதன் நுண்ணுயிரியலை விரிவாக நூலாக்கியவர்களுள் ஸ்டீபன் ஸ்பாட் முதன்மையானவர். அவருடைய நூல் 1970-இல் வந்தது. அதற்குள் ஒரு கொடிய பழக்கம் வேரூன்றியிருந்தது: தொட்டியைப் பழக்க, விலை மலிந்த, தாக்குப்பிடிக்கும் டேம்செல் மீன்கள் சிலவற்றை முதலில் விடுவது. அவற்றின் செவுளே சோதனைத்தாள். செத்தவை குப்பைக்கு, பிழைத்தவை பெரும்பாலும் கடைக்கே திரும்பின. பவளப்பாறையிலிருந்து பிடித்துவந்த உயிரை அம்மோனியாப் புட்டியின் இடத்தில் வைத்த இந்த வழக்கத்தைக் கைந்நூல்கள் பல பத்தாண்டுகள் தயக்கமின்றிப் பரிந்துரைத்தன.

வேறொரு வழியை ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961-இல் எழுதிக் காட்டினார். வடிகட்டி இல்லை, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்கள், மெல்லிய காற்றுக்குமிழ், வெயில், இவ்வளவே. கல்லின் மேற்பரப்பில் அம்மோனியா தின்னும் உயிர்கள் வாழ்ந்தன; உயிர்வளி எட்டாத உள்துளைகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்கி வெளியேற்றும் உயிர்கள் வாழ்ந்தன. ‘சுழற்சி’ என்ற சொல்லுக்குத் தொட்டி ஓரளவு தகுதி பெற்றது இந்தக் கற்களால்தான். மேற்கத்திய ஆர்வலர் உலகம் இதை முழுமையாக ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. காஸின் பாசிக்கல்லை மறந்துபோன மரபு அது, வியப்பில்லை.

கடைசியாகக் கவிழ்ந்தவை பெயர்கள். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் என்ற இரு பெயர்களும் வினோகிராட்ஸ்கி காலம் முதல் பாடநூல்களில் மந்திரம்போல் ஓதப்பட்டன. 1990களில் மரபணு ஆய்வு தொட்டிக்குள் நுழைந்தது. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை உண்பது நைட்ரோபேக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா இனத்தவை என்று டிமோத்தி ஹொவனெக் குழுவினர் 1998-இல் காட்டினர். 2005-இல் அம்மோனியாவை உண்ணும் முதல் ஆர்க்கியா, அதாவது பாக்டீரியாவே அல்லாத வேறொரு உயிர்ப்பிரிவு, தனித்து வளர்க்கப்பட்டது. அது கிடைத்த இடம் ஆழ்கடல் அன்று. சியாட்டில் காட்சிச்சாலையின் வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியின் சரளை. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயரிடப்பட்ட அதன் உறவினங்கள் உலகக் கடல்களில் எண்ணிலடங்காதவை என்று பின்னர் தெரியவந்தது. 2015-இல் இரு படிகளையும் ஒரே உயிரே செய்வதை இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அவற்றுள் ஒன்றின் மாதிரி நெதர்லாந்தின் மீன்வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்து வந்தது. மண்ணிலிருந்து தொட்டிக்கு வந்த அறிவு, இம்முறை தொட்டியிலிருந்து கடலுக்கும் மண்ணுக்கும் போயிற்று.

இந்தியாவில் லீ சின் எங்கின் வழி சட்டப்படி மூடப்பட்டது. பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலோ இலட்சத்தீவிலோ பவளக்கல்லைப் பெயர்ப்பது குற்றம். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டியெடுக்கப்பட்டுத் தேய்ந்த தீவுகளைக் கண்ட கரை அது, தடை நியாயமானது. ஆகவே பெங்களூரிலோ ஐதராபாத்திலோ கடல்நீர்த் தொட்டி வைப்பவர் உலர்ந்த செயற்கைக் கல்லை அடுக்கி, புட்டியில் வரும் பாக்டீரியாவை ஊற்றிக் காத்திருக்கிறார். புட்டி கிடைக்காதவர், பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிடி மணல் கேட்டு வாங்கி, காய்ந்துவிடாதபடி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போகிறார்.